ஒன்பது மேலே, ஆறு கீழே

தங்கப்பழம் ஆசானைத் தேடிப் போனபோது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. ஆசானுக்கு முப்பத்து நான்கு.

ஆசானின் பெயர் பிரிஸ்கா. நாகர்கோவிலில் பார்வதிபுரம் தாண்டி, கால்வாய்க் கரையோரம் அவளுடைய மரப்பட்டறை. பெங்களூரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் எட்டு வருடம் இயந்திரங்களோடு பழகிவிட்டு ஊருக்கு வந்தவள். அதிகம் பேசமாட்டாள். ஏதாவது கேட்டால் பதில் சொல்லாமல் எதையாவது தூக்கிக் கையில் கொடுத்துவிடுவாள் என்று மர வியாபாரிகள் சொல்லிச் சிரிப்பார்கள்.

தங்கப்பழம் நேர் எதிர். அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்தியே பழகிய குரல். அந்தப் புதன்கிழமை காலை அவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவருடைய குரல் உள்ளே வந்துவிட்டது.

"இருபத்தி நாலு பிட்டு!"

கையில் ஒரு சிவப்புப் பெட்டி. அதை மேசைமேல் வைத்து, மூடியை இரண்டு கையாலும் திறந்து காட்டினார். உள்ளே வெல்வெட் குழிகளில் மரம் வெட்டும் எஃகு அலகுகள், இருபத்து நான்கு பிட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு வடிவம், ஒவ்வொன்றும் பளபளவென்று.

"எல்லாம் ரவுட்டர்ல மாட்டுறது. ரவுட்டரும் வாங்கியாச்சு, வண்டியில இருக்கு. எனக்கு ஒரு பலகை செய்யணும். நீங்க சொல்லித் தரணும், நான் செய்யணும்."

ரவுட்டர் என்பது கையில் பிடித்து ஓட்டுகிற மின்சார இயந்திரம். அதன் வாயில் எந்தப் பிட்டை மாட்டுகிறோமோ, அந்த வடிவத்தில் மரத்தின் விளிம்பைச் சீவிக்கொண்டே போகும்.

"என்ன பலகை அண்ணாச்சி?" என்றாள் பிரிஸ்கா.

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"எம் பொண்டாட்டிக்கு. சொர்ணம்னு பேரு. கணக்கு டீச்சர். பதினோரு மாசம் முன்னால ஸ்கூட்டர்லேருந்து விழுந்து முதுகுத்தண்டுல அடி. இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்ல. சக்கர நாற்காலிதான். நாற்காலியிலேருந்து கட்டிலுக்கு, கட்டில்லேருந்து நாற்காலிக்கு நான்தான் தூக்குறேன். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை."

சொல்லிவிட்டுத் தன் கைத்தசையைத் தட்டிக் காட்டினார். அதில் ஒரு பெருமை இருந்தது.

"இப்போ திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது. அவ வேலைக்குத் திரும்பப் போறா. கூட வேலை பாக்குற டீச்சர் கார்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டாங்க. ஆனா நான் ஏழரைக்கே என் பள்ளிக்கூடத்துக்குப் போயிடணும். கார்ல ஏத்தி இறக்க யாரு இருக்கா? நாற்காலிக்கும் கார் சீட்டுக்கும் நடுவுல பாலம் மாதிரி ஒரு பலகை போட்டா, கையை ஊன்றி அவளே நகர்ந்து போயிடலாம்னு பயிற்சி மையத்துல சொன்னாங்க."

"நான் செஞ்சு தாரேன். ரெண்டு நாள் வேலை."

"இல்ல. என் கையால செய்யணும். அவளுக்குத் தெரியாம செஞ்சு, ஞாயித்துக்கிழமை அவ முன்னால கொண்டுபோய் வைக்கணும்."

பிரிஸ்கா அவர் கைகளைப் பார்த்தாள். பிறகு மூலையிலிருந்து ஒரு பழைய பலகையை எடுத்து மேசையில் வைத்து இறுக்கினாள்.

"சொல்லுங்க ஆசான்," என்றார் தங்கப்பழம். "விளிம்பை உருட்டணும். எந்தப் பிட்டு?"

அவள் சிரித்துவிட்டாள். "ஆசானா? நானா?"

"சொல்லித் தாறவங்க ஆசான்தான். சிலம்பம் சொல்லித் தந்தவரையும் அப்படித்தான் கூப்பிட்டேன்."

அவள் சிவப்புப் பெட்டியிலிருந்து நான்கே நான்கு பிட்டுகளை எடுத்து வெளியே வைத்தாள். நான்கிலும் வெட்டும் பகுதி உள்வாங்கிய கால்வட்டமாக வளைந்திருந்தது. நுனியில் மோதிரம் மாதிரி ஒரு சின்ன பேரிங்.

"வளைவு மூணு மில்லிமீட்டர், ஆறு, ஒம்போது, பன்னெண்டு."

"மிச்சம் இருபது? இதப் பாருங்க, அலை மாதிரி வளையுது. கல்யாண ஆல்பம் சட்டம் மாதிரி வரும்!"

"மூடி வைங்க."

மூடி வைத்தார்.

கண்ணாடி மாட்டி, காதுமூடி போட்டு, பழைய பலகையில் முதல் ஓட்டம். ரவுட்டர் கையில் உயிர் வந்த மாதிரி உறுமியது. தங்கப்பழம் மேசையின் இந்தப் பக்க விளிம்பில் அதை வலமிருந்து இடமாகத் தள்ளினார். அது ஒரே துள்ளாகத் துள்ளி முன்னால் ஓடப் பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்து நிறுத்தினார். மூச்சு வாங்கியது.

"ஓடிப் போகப் பாக்குது ஆசான்!"

பிரிஸ்கா சாக்பீஸால் பலகைமேல் ஒரு நீள்வட்டம் வரைந்தாள். கடிகாரம் சுற்றுவதற்கு எதிர்த்திசையில் ஓர் அம்புக்குறி போட்டாள்.

தங்கப்பழம் அதைப் பார்த்தார். முகம் விரிந்தது.

"இது நம்ம நானூறு மீட்டர் டிராக்கு! இடப் பக்கமாத்தானே சுத்தி ஓடணும்! முப்பது வருசமா இதைத்தானே கத்திக்கிட்டிருக்கேன்!"

அடுத்த சுற்றை அவர் அந்தத் திசையில் ஓட்டினார். இப்போது இயந்திரம் எதிர்த்து நின்று, அவர் தள்ளத் தள்ளத் தள்ளிய அளவுக்கு மட்டும் நகர்ந்தது. மரத்தூள் மஞ்சளாகப் பீச்சியடித்தது. பின்னால் வழவழவென்று ஓர் உருண்டை விளிம்பு வந்துகொண்டே இருந்தது. அவருக்குக் கூவ வேண்டும்போல் இருந்தது. கூவியும் விட்டார். காதுமூடி போட்டிருந்ததால் எவ்வளவு சத்தமாகக் கூவினார் என்று அவருக்குத் தெரியவில்லை. கால்வாயின் அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

மதியத்துக்குள் நான்கு துண்டுகள் தயார். அயனி மரம். ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் ஓர் அளவு. தங்கப்பழம் நான்கையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"எல்லாமே நல்லாருக்கு ஆசான். மூணு மில்லிகூடக் கையை ஒண்ணும் செய்யல. பாக்கவும் கச்சிதமா இருக்கு. எதைப் போட?"

பிரிஸ்கா தன் சாப்பாட்டுப் பையைத் திறந்து ஒரு சீப்பு மட்டி வாழைப்பழத்தை எடுத்தாள். நான்கு பழங்களைப் பிய்த்தாள். ஒரு பழத்தை மூன்று மில்லி விளிம்பின்மேல் வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, குறுக்கே இழுத்தாள். மூன்று முறை. பிறகு அடுத்த பழம், அடுத்த விளிம்பு.

முடித்ததும் ஒவ்வொரு பழத்தையும் அதனதன் துண்டுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தாள். தங்கப்பழம் குனிந்து பார்த்தார். நான்கும் ஒரே மஞ்சள்.

"ஒரு வித்தியாசமும் இல்லியே?"

"நாளைக்கு வாங்க அண்ணாச்சி."

வியாழக்கிழமை அவர் எட்டு மணிக்கே வந்துவிட்டார்.

மூன்று மில்லிக்குப் பக்கத்தில் கிடந்த பழத்தில் கறுப்பாக ஒரு பட்டை, விரல் அகலத்துக்கு. ஆறுக்குப் பக்கத்தில் பழுப்பாக ஒரு கோடு. ஒன்பதும் பன்னிரண்டும் நேற்று இருந்த மாதிரியே இருந்தன.

வழக்கமாக வாசலிலிருந்தே தொடங்குகிற மனிதர் வாய் திறக்கவில்லை. கறுத்த பழத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கும் இப்படித்தான்," என்றார் கடைசியில். "முதல் நாள் ஒண்ணும் தெரியல."

பிரிஸ்கா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை.

"பிளாஸ்டிக் பலகை ஒண்ணு வாங்கினேன். அவ ஆஸ்பத்திரியிலேருந்து வந்த புதுசுல. ரெண்டு தடவைதான் அதுல நகர்ந்தா. ஓரம் கூரா இருந்திருக்கு, நான் கவனிக்கல. தொடைக்குக் கீழ அழுத்தி இழுத்திருக்கு. அவளுக்குத்தான் அங்க உணர்ச்சி இல்லியே. ரெண்டு நாள் கழிச்சு நான் பாக்குறேன், தோலு கறுத்துப் போயிருக்கு. அப்புறம் புண்ணு. ஏழு வாரம் குப்புறப் படுத்துக் கிடந்தா ஆசான். ஏழு வாரம். அன்னைக்கு அந்தப் பலகையைத் தூக்கிப் போட்டேன். அதுலேருந்து நானேதான் தூக்குறேன். தரையில கால் படாம தூக்குறேன்."

"நேத்து மூணு மில்லி கையை ஒண்ணும் செய்யலன்னு சொன்னீங்க," என்றாள் பிரிஸ்கா.

"சொன்னேன்."

"குத்தினா உங்க கை சொல்லும்."

அவர் பழத்தைக் கீழே வைத்தார்.

ஆனால் தங்கப்பழம் நீண்ட நேரம் சோர்ந்திருக்கிற ஆள் இல்லை. பத்து நிமிடத்தில் குரல் திரும்பிவிட்டது. சொர்ணத்துக்கான பலகையை மேசையில் வைத்துத் தட்டினார். அயனிதான், பதினெட்டு மில்லி கனம், இரண்டே கால் அடி நீளம்.

"அப்போ பன்னெண்டு! இருக்குறதுலயே பெரிசு! மேலயும் கீழயும் பன்னெண்டு போட்டா சோப்புக்கட்டி மாதிரி வந்துடும். எங்க தொட்டாலும் உருண்டை!"

"பொறுங்க," என்றாள் பிரிஸ்கா. அதற்குள் வாசலில் மரம் ஏற்றிய வண்டி வந்து நின்றது. அவள் அதை இறக்கப் போனாள்.

தங்கப்பழம் பொறுக்கவில்லை.

மேல் முகத்தின் விளிம்பை உருட்டினார். பெரிய பிட்டுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டும், ஒரே மூச்சில் வெட்டாமல் இரண்டு தடவையாக வெட்ட வேண்டும் என்று அவள் நேற்றே காட்டியிருந்தாள். அதையெல்லாம் சரியாகச் செய்தார். குறுக்கு விளிம்பை முதலில், நீள விளிம்பைப் பிறகு. அற்புதமாக வந்தது. பலகையைப் புரட்டிப் போட்டு இறுக்கினார். கீழ் முகத்தில் ரவுட்டரை வைத்தார்.

அரை அடிகூடப் போகவில்லை. இயந்திரம் திடீரென்று உள்ளே பாய்ந்தது. கறக் என்று ஒரு சத்தம். பலகையின் விளிம்பில் நாய் கடித்த மாதிரி ஒரு பள்ளம். தங்கப்பழம் ரவுட்டரைப் பிடித்தபடி உறைந்து நின்றார். பிரிஸ்கா ஓடிவந்து சுவிட்சை அணைத்தாள்.

"கை?"

"கைக்கு ஒண்ணுமில்ல." அவர் பலகையைப் பார்த்தார். "போச்சு ஆசான். பலகை போச்சு."

அவள் பலகையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"என்ன ஆச்சு?"

"பேரிங் உள்ள போயிட்டு."

"ஏன்?"

தங்கப்பழம் பலகையைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிட்டின் நுனியில் இருக்கும் பேரிங், விளிம்பின் தட்டையான பகுதியில் சாய்ந்துகொண்டுதான் உருளும். அதுதான் பிட்டை அளவு மீறாமல் பிடித்து நிறுத்தும். முதல் முகத்தை உருட்டியபோது கீழே தட்டை இருந்தது. இரண்டாவது முகத்துக்கு வந்தபோது அங்கே வெறும் உருண்டைதான் இருந்தது.

"சாயுறதுக்கு இடமில்ல," என்றார்.

"ஏன் இல்ல?"

"நான்தான் எல்லாத்தையும் எடுத்துட்டேனே."

சொன்ன பிறகு அவர் வாய் அப்படியே கொஞ்சம் திறந்திருந்தது. பிரிஸ்கா உள்ளே போய் அதே அளவில் இன்னொரு அயனிப் பலகையை எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.

"கைப்பிடித் துளை ஒரு முனையில, முன்பக்க ஓரமா வரும்," என்றாள். "டீச்சர் எந்தப் பக்கம் சாஞ்சு, எந்தக் கையால பலகையைச் சொருகுவாங்க? வலமா இடமா?"

தங்கப்பழம் யோசித்தார். நெற்றியைத் தேய்த்தார்.

"தெரியாது ஆசான்."

"பதினோரு மாசமா..."

"தெரியாது. நான் தூக்கிடுவேன்."

பிரிஸ்கா புதுப் பலகையின்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

வீட்டில் சொர்ணம் படுக்கையில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்து, பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு வயது. கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பார்வையில் ஒரு வகுப்பே அடங்கிவிடும்.

"சொர்ணம், ஒரு கேள்வி."

"கேளுங்க."

"நீ எந்தப் பக்கம் சாய்வே?"

பென்சில் நின்றது.

"ரெண்டு நாளா சட்டையெல்லாம் மஞ்சள் தூளு," என்றாள் சொர்ணம். "காதுக்குள்ளகூட இருக்கு. எனக்குத் தெரியாம என்ன நடக்குது?"

அவர் எல்லாவற்றையும் கொட்டினார். சிவப்புப் பெட்டி, டிராக்கு, மட்டிப்பழம், பள்ளம் விழுந்த பலகை. சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது. கோபமா சிரிப்பா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எனக்குப் பலகை. என்கிட்டக் கேக்காம."

"திடீர்னு காட்டலாம்னு..."

"எந்தப் பக்கம் சாய்வேன்னு எனக்கே தெரியாது. சாயுறதுக்கு எங்க விட்டீங்க நீங்க? லேசா அசைஞ்சாலே ரெண்டு கையும் வந்துடுது."

அவர் தன் கைகளைப் பார்த்தார். இப்போதும் அவை பாதி தூரம் நீண்டிருந்தன.

"தள்ளி நில்லுங்க," என்றாள். "பாத்துருவோம்."

அவள் தலையணைகளைத் தள்ளினாள். நிமிர்ந்தாள். வலது பக்கமாக மெல்லச் சாய்ந்தாள். பாதியில் உடம்பு நழுவி, பொத்தென்று மெத்தையில் விழுந்தாள். தங்கப்பழம் ஓர் அடி பாய்ந்தார்.

"நில்லுங்கன்னு சொன்னேன்!"

நின்றார். விளையாட்டு விழாவில் விசிலுக்குக் காத்திருக்கும் ஓட்டக்காரன் மாதிரி நுனிக்காலில் நின்றார். அவள் முழங்கையை ஊன்றி, கட்டில் சட்டத்தைப் பிடித்து, மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கினாள். இப்போது இடது பக்கம். சாய்ந்தாள், இன்னும் சாய்ந்தாள், இடது முழங்கை மெத்தையைத் தொட்டது. உடம்பு நின்றது. அப்படியே வலது கையைத் தூக்கி, வலது தொடைக்கடியில் விட்டுக் காட்டினாள்.

"நிக்குது!" என்று கத்தினாள். "ஏங்க, நிக்குது! பலகை வலப் பக்கம்! எழுதிக்கோங்க, வலக் கை!"

"வலக் கை!" என்று அவரும் கத்தினார்.

"காரும் சரியா வருது. இடப் பக்கக் கதவைத் திறந்து நாற்காலியை ஒட்டி நிறுத்தினா, சீட்டு எனக்கு வலப் பக்கம்." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போங்க. உங்க ஆசானைப் பாக்கணும்."

வெள்ளிக்கிழமை சொர்ணம் சக்கர நாற்காலியில் பட்டறைக்குள் வந்தாள். வந்ததும் முதலில் நான்கு துண்டுகளையும் கேட்டு வாங்கினாள். பிறகு நான்கு பழங்களையும் கேட்டாள். மூன்று மில்லிப் பழம் இப்போது பாதிக்குமேல் கறுத்திருந்தது. அதை வெகுநேரம் பார்த்தாள். அதைத் தள்ளி வைத்துவிட்டு, பள்ளம் விழுந்த பலகையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"கனம் பதினெட்டு. பன்னெண்டும் பன்னெண்டும் இருபத்தி நாலு." கணவரைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "ஆறாம் கிளாஸ் கணக்கு."

"அவசரத்துல..." என்றார் தங்கப்பழம்.

"தொடை படுறது மேல் விளிம்பு. அங்க ஒம்போது போதும்னு பழமே சொல்லுது. கீழ் விளிம்புல விரல்தான் படும், அதுக்கு உணர்ச்சி இருக்கு, அங்க ஆறு. மொத்தம் பதினஞ்சு. மீதி மூணு மில்லி தட்டை." நிமிர்ந்தாள். "பேரிங்குக்கு அது காணுமாம்மா?"

"காணும் டீச்சர், அது போதும்."

"ஏன் அதை முன்னாலயே இவர்கிட்டச் சொல்லல?"

பிரிஸ்கா ரவுட்டரில் ஒன்பது மில்லி பிட்டை மாட்டி, தண்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். "பலகையில உக்காரப் போறது அண்ணாச்சியா?" என்றாள். "நீங்கதானே."

தங்கப்பழம் மூன்று பக்கங்களை ஓட்டினார். நேற்றைய பாய்ச்சல் இல்லை. இடப் பக்கமாகச் சுற்றி, சீராக. மேலே ஒன்பது. புரட்டிப் போட்டுக் கீழே ஆறு. நடுவில் நூல் பிடித்த மாதிரி ஒரு தட்டை நெடுக ஓடியது. நான்காவது பக்கம், முன்பக்க நீள விளிம்பு, இரண்டு முகத்திலும் மிச்சமிருந்தது. பிரிஸ்கா பலகையை ஒரு தாழ்ந்த மேசைக்கு மாற்றி இறுக்கினாள். ஒரு கையில் அடங்குகிற சின்ன ரவுட்டரை எடுத்தாள். அதைச் சொர்ணத்தின் முன்னால் வைத்தாள்.

தங்கப்பழத்தின் காதுமூடி கழுத்துக்கு இறங்கியது.

"ஐயையோ ஆசான், அது துள்ளும்!"

"துள்ளாது," என்றாள் சொர்ணம். "டிராக்குல ஓடுற பக்கம்தானே? இடமிருந்து வலம். நீங்கதான் நேத்து படம் போட்டுக் காட்டினீங்களே."

அவள் நாற்காலியின் பிரேக்கைப் போட்டாள். கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி மாட்டினாள். இயந்திரம் உறுமியது. ஒரு கணம் அவள் தோள்கள் விறைத்தன. பிறகு நகர்ந்தது. சாக்பீஸ் பிடித்துப் பழகிய கை, கரும்பலகையில் நேர்கோடு இழுக்கிற மாதிரி அதை இழுத்துக்கொண்டு போனது. மஞ்சள் தூள் அவள் மடியெல்லாம் கொட்டியது, முடியெல்லாம் கொட்டியது. கோடியை எட்டியதும் சுவிட்சை அணைத்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாள். பதினோரு மாதமாக அந்தச் சிரிப்பைத் தங்கப்பழம் கேட்டதில்லை.

"அடுத்த முகம்!" என்றாள். "புரட்டிப் போடுங்க! ஆறு மாட்டுங்க!"

பிறகு பிரிஸ்கா கைப்பிடித் துளை போட்டு, அதன் விளிம்பையும் உருட்டினாள். மூன்று பேரும் மாறி மாறி உப்புத்தாள் தேய்த்தார்கள். மேல் முகத்துக்குப் பிரிஸ்கா வழுக்கும்படி ஒரு பூச்சு பூசிக் காய வைத்தாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பலகை தயாராக இருந்தது. விற்பனைக்குச் செய்து வைத்திருந்த ஒரு கட்டிலைப் பிரிஸ்கா பட்டறையின் நடுவுக்கு இழுத்து, கால்களுக்கு அடியில் கட்டைகள் வைத்து, கார் சீட்டின் உயரத்துக்குக் கொண்டுவந்தாள். மேலே ஒரு மெத்தை போட்டாள்.

சொர்ணம் நாற்காலியைக் கட்டிலை ஒட்டி நிறுத்தினாள். பிரேக் போட்டாள். வலது கைப்பிடியைக் கழற்றி எடுத்துக் கீழே வைத்தாள்.

தங்கப்பழம் அவளுக்கு முன்னால் போய் நின்றார். "நான் இங்க நிக்கேன். விழுந்தா பிடிச்சுக்கிடுறேன்."

"முன்னால நின்னா நான் எங்க குனியுறது?"

அவர் பின்னால் போனார்.

"பின்னால நின்னா நீங்க தூக்கிடுவீங்க."

அவர் பக்கவாட்டில் வந்தார். அங்கே கட்டில் இருந்தது. சுற்றிப் பார்த்தார். பிரிஸ்கா கதவோரம் இருந்த மரக்கட்டையைக் காட்டினாள். அவர் போய் அதன் அருகில் நின்றார். அவருக்கும் சொர்ணத்துக்கும் நடுவே நான்கு அடி இருந்தது. அவருக்கு அது மைதானத்தின் அகலம் மாதிரி தெரிந்தது.

"ரெண்டு மாசமா நீங்க இல்லாதப்போ கைப்பிடியை ஊன்றி எழும்பி எழும்பிப் பழகியிருக்கேன்," என்றாள் சொர்ணம், பலகையைக் கையில் எடுத்தபடி. "ஒரு நாளைக்கு நாப்பது தடவை. உங்ககிட்டச் சொல்லல. சொன்னா வந்து எண்ண ஆரம்பிச்சிடுவீங்க."

இடது பக்கம் சாய்ந்தாள். உடம்பு நின்றது. வலது தொடைக்கடியில் பலகையைச் சொருகினாள். மறுமுனை மெத்தையில் போய் அமர்ந்தது. நிமிர்ந்தாள். ஒரு கை பலகையில், ஒரு கை நாற்காலியில். தலையை முன்னால் குனிந்து ஓர் உந்து.

நகரவில்லை.

தங்கப்பழத்தின் கை முன்னால் வந்தது. அவரே அதை மற்றக் கையால் பிடித்துக்கொண்டார்.

இன்னோர் உந்து. நான்கு விரல் அளவு நகர்ந்தாள்.

"ஒண்ணு!" என்றாள்.

"ஒண்ணு!" என்றார் அவர்.

இரண்டு. மூன்று. நான்காவதில் நடுப் பலகைக்கு வந்துவிட்டாள். அங்கே நின்று, காலை ஒவ்வொன்றாகக் கையால் தூக்கி நகர்த்தி வைத்தாள். கழுத்தில் வியர்வை வழிந்தது. பலகை லேசாக வளைந்து, முனகிவிட்டு, நின்றது. ஐந்து. ஆறாவதில் உடம்பு ஒரு பக்கம் சரிந்தது. அவள் முழங்கையை ஊன்றி நிறுத்தினாள், உதட்டைக் கடித்தாள், நிமிர்ந்தாள்.

"ஏழு!"

மெத்தையில் இருந்தாள். பலகையை உருவி எடுத்து, தலைக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள், கோப்பை வாங்கிய பெண் மாதிரி.

"ஏழு தள்ளு! திங்கக்கிழமைக்குள்ள அஞ்சா ஆக்கிடுவேன்! ஏங்க, பாத்தீங்களா? பிரிஸ்கா, பாத்தியா நீ?"

தங்கப்பழம் கைதட்டினார். கால்வாயின் அக்கரை வரைக்கும் கேட்கிற மாதிரி தட்டினார். கண்ணிலிருந்து நீர் தாடைக்கு இறங்கியது, அதைத் துடைக்கவும் இல்லை. தட்டித் தட்டி ஓய்ந்த பிறகுதான் அவருக்குத் தன் கைகள் தெரிந்தன. ஒரு நாளைக்கு எட்டுத் தடவை தூக்கிய கைகள். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல், விரித்தபடி நின்றார்.

"ஆசான்," என்றார். "இனி நான் என்ன செய்யணும்?"

பிரிஸ்கா கட்டிலுக்குப் போனாள். மெத்தையில் சொர்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்த மரத்தூளைப் புறங்கையால் தட்டிவிட்டாள்.

"பக்கத்துல எடம் கெடக்கு அண்ணாச்சி. போய் இருங்க."